சங்கத்துக்கு வெளியே

அன்புள்ள அம்மாவுக்கு, கல்பனா எழுதுறேன். முழங்கால் வலி தேவலையா? ஜவ்வாது மலையில நான் சௌக்கியம்.

ஒரு விஷயம், பயப்படாதே. எங்க நிலவுரிமைச் சங்கச் செயலாளர் இளவழகன், முகாமுக்குச் சமைக்க வந்த மலைப்பொண்ணு மஞ்சுளாவைப் பலவந்தம் பண்ணிட்டார். மஞ்சுளாவையும் கூட்டிட்டுப் போய்ச் சங்கக் கமிட்டியில கேட்டேன். "போராட்ட நேரத்துல இதை வெளியே விட்டா எதிரிக்குத்தான் லாபம், தோழர்"னாங்க. மஞ்சுளா எழுந்து, "எங்களுக்காகத்தானே நெலம் கேக்குறீங்க? அப்ப நான் இன்னா, எதிரியா?"ன்னா.

ரெண்டு பேரும் திருப்பத்தூர் போய்ப் போலீஸ்ல புகார் கொடுத்துட்டோம். சங்கம் என்னை நீக்கிடுச்சு. இப்ப மஞ்சுளா வூட்லதான் இருக்கேன். தூக்கம்தான் பிடிக்கலை. பழைய ஸ்வெட்டரை அனுப்பு. போன் பண்ணினா கொஞ்சம் அதிக நேரம் பேசும்மா. அப்பாகிட்ட எதுவும் சொல்லாதே.

விசாரணைக்குக் கூப்பிட போலீஸ் வந்திருக்கு. மஞ்சுளா என் கையை விடமாட்டேங்குறா. போய்ட்டு வர்றேன்.

கல்பனா