பெயர் வெட்டிய டம்ளர்

12.6.2025
திருச்சி ஆஸ்பத்திரியில் இன்று நான்காவது வார விசிட். ஆராய்ச்சிக்கு வரும் எங்களைக் கவனித்துக்கொள்ளும் சுடர்விழி மேடம், என் மகள் வயதுதான் இருக்கும், மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. "அரிப்பு பத்துக்கு எத்தனை சார்?" என்றார். ஏழு என்றேன். "கூச்சப்படாம உள்ளதச் சொல்லுங்க. எங்களுக்கு உள்ளதுதான் வேணும்." பதினொரு வருஷமாக இந்த சோரியாசிஸோடு இருக்கிறேன். இதுவரை எல்லோரும் கேட்டது 'இன்னும் போகலையா' என்று மட்டும்தான்.

அங்கே எனக்குப் பெயர் கிடையாது, பதினேழாம் எண். எங்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் இருபத்து நான்கு வாரம் ஒழுங்காக முடித்தால், மாவு தின்றவனுக்கும் அதற்குப் பிறகு ஒரு வருஷம் நிஜ மருந்து இலவசம். நிபந்தனை ஒன்றே ஒன்று. வேறு எந்த மருந்தும் கூடாது. இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்து, பொடி, எண்ணெய், எதுவும். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷக் கண்டக்டர் சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன் நான்.

அன்னவாசல் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் மனைவி சொர்ணம் தண்ணீர் கொடுத்தாள், என் டம்ளரில். நோய் வந்த வருஷம் பாத்திரக் கடையில் என் பெயரை வெட்டி வாங்கி வந்தாள். "மாறிப் போயிறக் கூடாதுல்ல" என்றாள் அப்போது. இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று எத்தனையோ டாக்டர்கள் சொல்லியாயிற்று. அந்த டம்ளரில் இதுவரை வேறு யாரும் வாய் வைத்ததில்லை.

28.6.2025
கீரமங்கலம் ட்ரிப். டிக்கெட்டை நீட்டினால் பூக்காரம்மா நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார். டிக்கெட் என்ன பாவம் பண்ணியது?

13.7.2025
மகள் இலக்கியாவுக்கு இடம் முடிந்துவிட்டது. பையன் பிரவீன்குமார் ஆலங்குடி, நல்ல குடும்பம். ஆகஸ்ட் 29 நிச்சயம், தை மாதம் கல்யாணம். மனசு நிறைந்திருக்கிறது.

சொர்ணத்தின் அண்ணன் ஆண்டியப்பன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சுற்றி வளைத்தார். "மச்சான், நிச்சயத்துல ரெண்டு சம்பந்தியும் தட்டு மாத்தணும். ஊரே கையத்தான் பாக்கும். ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் மாத்திக்கிறேன். தாய்மாமன் மாத்துறதும் உண்டுதான?"

என் மகளுக்கு என் கைதான் என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடித்து, செதில் செதிலாக. சொர்ணமும் பார்த்தாள்.

26.7.2025
மூன்று நாளாக டியூட்டி முடிந்து வந்தால் சீரக மோர் தயாராக இருக்கிறது. இருபத்தேழு வருஷத்தில் கேட்காமல் மோர் கிடைப்பது இதுதான் முதல் தடவை. மகளுக்குக் கல்யாணம் வந்தால் அப்பனுக்கும் மவுசு கூடும் போல. லேசாகக் கசக்கிறது என்றேன். "சீரகம் கருகிருச்சுங்க" என்றாள். கருகினாலும் பரவாயில்லை, குடித்தேன்.

7.8.2025
பன்னிரண்டாவது வாரம். அரிப்பு எத்தனை என்றார் சுடர்விழி மேடம். நான்கு! வாயிலிருந்து வந்த சொல்லை நானே நம்பவில்லை. "சந்தோஷப்படக் கூடாதுன்னு எங்களுக்கு ரூல் சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு வந்தது மாவு இல்லை. நிச்சயமாக இல்லை.

19.8.2025
பூக்காரம்மா இன்று ஒரு முழம் மல்லிகையை என் உள்ளங்கையிலேயே வைத்தார். "கை தெளிஞ்சிருச்சே கண்டக்டரே, வீட்டுக்குக் கொண்டு போங்க." ட்ரைவர் பீட்டர் என் முகம் பூரித்துவிட்டதென்று கேலி பண்ணினான். பசியும் கூடத்தான் எடுக்கிறது.

29.8.2025
தட்டு மாற்றினேன். சம்பந்தியின் விரல்கள் என் விரல்மேல் பட்டன. அவர் இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணில் நீர் முட்டியதைத் துண்டால் துடைத்து வியர்வை மாதிரிக் காட்டிக்கொண்டேன்.

பந்தியில் எல்லோரிடமும் திருச்சி மாத்திரையின் பெருமையைப் பேசினேன். "எனக்கு முடிஞ்சதும் இது ஊருக்கெல்லாம் வரும், பாருங்க" என்றேன். நான் பேசப் பேச இலக்கியா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம்.

4.9.2025
பதினாறாவது வாரம். சர்க்கரை ஏறியிருக்கிறதாம், பிரஷரும். டாக்டர் ஹேமா என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்றார். இல்லை. லேகியம், பொடி, யாராவது கொடுத்தது? "எம் பொண்ணு மேல சத்தியமா இல்லைங்க டாக்டர்" என்றேன்.  அவர் ரத்தம் கூடுதலாக எடுக்கச் சொன்னார்.

9.9.2025
பஸ் ஸ்டாண்டில் வண்டி எடுக்கும் நேரத்தில் டாக்டரின் போன். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஒன்று எனக்குச் சுரக்கவே இல்லையாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போனால்தான் அப்படி ஆகுமாம். "மலையாண்டி, உண்மையச் சொல்லுங்க. எத்தனை நாளா எடுக்குறீங்க?" நான் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். இந்த அநியாயத்தைக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன்! யாரும் ஆச்சரியப்படவில்லை. சொர்ணம் அடுப்பைத் துடைத்த இடத்தையே துடைத்தாள். இலக்கியாதான் அழுதாள். "மோருல பொடி கலந்து குடுத்துச்சுப்பா அம்மா. மாமாதான் சந்தையில ஒரு ஆளுட்ட வாங்கிட்டு வந்தாரு. வெறும் வேர்ப்பொடின்னுதான் சொன்னாரு. ஒங்கள்ட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு."

சீரகம் கருகிவிட்டதாமே. எப்பேர்ப்பட்ட சீரகம்.

சொர்ணம் திரும்பாமலே பேசினாள். "அந்த மாத்திர மாவா இருந்தா என்ன பண்றது? ஒங்கள வச்சுச் சோதிச்சுப் பாக்குறாங்க. எனக்கு நாளு இல்ல. ஊரு முன்னாடி எங்கண்ணன் ஒங்க எடத்துல நின்னு தட்டு மாத்துனா நீங்க தாங்குவீங்களா? நான் தாங்க மாட்டேன்."

"தெரிஞ்சு நான் மீறியிருந்தா அது எந் தப்பு. தெரியாமலே என்னப் பொய்யனாக்கிட்டியேடி" என்றேன். மோரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினேன்.

10.9.2025
மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் எந்தத் தலைமேல் சத்தியம் பண்ணினேனோ அந்தத் தலைக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்குப் பந்தியில் நான் மாத்திரையின் பெருமை பேசியபோது இவர்கள் உள்ளுக்குள் என்ன நினைத்திருப்பார்கள்? பாவம் என்றா? பைத்தியக்காரன் என்றா?

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அடித்தால் அடித்தது தெரியும்.

17.9.2025
திருச்சியில் படுக்கையில் இருக்கிறேன். நான்கு நாள் காய்ச்சல். கை, முதுகு, தொடை எல்லாம் சிவந்து, மேலே சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளம். பதினொரு வருஷத்தில் இப்படி வந்ததில்லை. டாக்டர் ஹேமா கோபப்பட்டார். "ஸ்டீராய்ட ஒரே நாள்ல நிறுத்தக் கூடாதுங்க. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ஆத்திரத்துல நிறுத்திட்டு எனக்கு ஒரு போன்கூடப் பண்ணலையே?"

எப்படிப் பண்ணுவேன்? போனில் பேச முகம் வேண்டாம்தான். இருந்தும் முகம் இல்லை.

22.9.2025
டிஸ்சார்ஜ். ஆராய்ச்சியிலிருந்தும் டிஸ்சார்ஜ். தாளில் காரணம் எழுதியிருந்தது: 'தடை செய்யப்பட்ட மருந்தை உட்கொண்டது.' கீழே என் கையெழுத்து. எனக்குக் கிடைத்தது மருந்தா மாவா என்று இனித் தெரிந்தாலும் பயனில்லை. கை தெளிந்தது மாத்திரையாலா பொடியாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதாம். ஒரு வருஷ இலவச மருந்தும் போயிற்று.

சுடர்விழி மேடத்திடம், வீட்டில் எனக்குத் தெரியாமல் கலந்துவிட்டார்கள் என்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க சொன்னத நம்புனேன் சார்."

மருந்து போனால் போகட்டும். அந்த 'நம்புனேன்' தான் நெஞ்சில் கிடக்கிறது.

2.10.2025
வீட்டில் நானே தண்ணீர் பிடித்துப் பாட்டிலில் வைத்துக்கொள்கிறேன். சோற்றை எல்லோருக்கும் எடுக்கிற சட்டியிலிருந்து நானே போட்டுக்கொள்கிறேன். குழம்பும் அப்படியே. என் பெயர் வெட்டிய டம்ளர் அலமாரியில் கவிழ்ந்து கிடக்கிறது.

ஆண்டியப்பன் வந்தார். "நல்லதுக்குத்தான மச்சான் செஞ்சோம்" என்றார். இந்த 'நல்லதுக்குத்தான்' என்ற சொல்லை முதலில் சொன்னவன் யாரோ, அவன் கையில் சிக்கினால் இரண்டு கேள்வி கேட்பேன். தையில் தாரை வார்க்கவும் தானே நிற்பதாக மெல்ல ஆரம்பித்தார். எழுந்து டியூட்டிக்குப் போய்விட்டேன். இன்று எனக்கு டியூட்டி இல்லை. டிப்போ பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

9.10.2025
பூக்காரம்மா மறுபடி நகத்தால் இழுக்கிறார்.

17.10.2025
மத்தியானம் சுடர்விழி மேடத்தின் போன். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன்.

"சார், உங்க வீட்டம்மா வந்துட்டுப் போறாங்க. காலைல ஒம்போது மணிலேந்து உக்காந்திருந்தாங்க. டாக்டரப் பாக்காம போமாட்டேன்னுட்டாங்க."

தனியாகப் போயிருக்கிறாள். மிச்சமிருந்த பொடியை டப்பாவோடு எடுத்துக்கொண்டு. டாக்டர் மேஜைமேல் அதை வைத்து, "நாந்தான் கலந்தேன், அவருக்குத் தெரியாது, அவரு ஒரு பொய்யும் சொல்லல, இத எழுதிக்குங்க" என்றிருக்கிறாள். எழுதிக்கொண்டோம் என்று வாயால் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். தன் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். இப்போது பதினேழாம் எண்ணின் தாளில் 'நோயாளிக்குத் தெரியாமல் வீட்டில் கொடுக்கப்பட்டது' என்று சேர்த்திருக்கிறார்கள். பொடியைப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று. இனிப் புதிதாகச் சேருகிறவர்களின் வீட்டாரையும் முதல் நாளே உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"திரும்பச் சேத்துக்க முடியாது சார், ரூல் அது. ஆனா அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி இரண்டு தடவை சொல்லவைத்தேன்.

என்னிடம் சொர்ணம் சொல்லிவிட்டுப் போனது என்ன? புதுக்கோட்டையில் ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாக. உண்மையைச் சொல்லப் போவதற்கும் பொய் சொல்லித்தான் போயிருக்கிறாள். இவளை என்ன செய்வது?

18.10.2025
நேற்று திருச்சி போனதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் அலமாரியிலிருந்து என் டம்ளரை எடுத்துக் கழுவினாள். மோரை ஊற்றினாள். என் எதிரே நின்று, அண்ணாந்து ஊற்றாமல், என் பெயர் வெட்டிய பக்கமே வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். விழுங்கியதும் டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் தொடவில்லை. அவ்வளவு சுலபமா?

30.10.2025
இன்றோடு இருபத்து நான்கு வாரம். அரிப்பு: ஏழு. யாரும் கேட்கவில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்.

ஆண்டியப்பனுக்குப் போன் போட்டு, தாரை வார்க்க நான்தான் நிற்பேன், கை இப்படியேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியிடமும் நோயின் பெயரைச் சொல்லி விவரமாகப் பேசினேன். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். இந்த வீட்டில் யாருக்குமே அந்தப் பழக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

பதின்மூன்று நாளாகத் தினமும் அந்த ஒரு மடக்கு. தினமும் டம்ளர் அப்படியே இருக்கும், காலையில் அவள் எடுத்துக் கொட்டிவிடுவாள்.  இன்றும் குடித்துவிட்டு வைத்தாள். எடுத்துக் குடித்தேன். சீரகம் கருகவில்லை.

நாளையிலிருந்து நீ முதலில் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் குடிக்கட்டும்.