ஐந்து மணிக்கு முன் எடுக்கக் கூடாது

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். போன வாரம் பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது, கேட்டதற்கு ஏசி காற்று என்றாய், எனக்கென்னவோ நீ தலையைத் துவட்டாமல் வேலைக்கு ஓடுகிறாய் என்றுதான் தோன்றுகிறது. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. நீண்ட தூர வண்டியிலிருந்து மாற்றி நகருக்குள் ஓடும் பஸ்ஸை ஓட்டக் கொடுத்துவிட்டார்கள், அதனால் மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறார், வந்ததும் என் சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைக்கிறார், சர்க்கரை எங்கே என்று கேட்டால் "யோசிச்சுப் பாரு, அதுக்கு எது நியாயமான இடம்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடியும் கசிகிறது. மற்றபடி வீடு அப்படியேதான் இருக்கிறது.

அத்தைக்கு என்ன ஆயிற்று, போன் எடுத்தால் ஏன் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறார், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் "சங்க வேலையா இருப்பாங்க" என்று ஏன் யாரையோ சொல்வது போலச் சொல்கிறார் என்று நீ கேட்டாய். நான் ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாமல் இல்லை. போனில் எனக்குச் சொல்ல வரவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

இந்தத் தோட்டக்கலைச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதே அத்தையால்தான். பழைய செயலாளர் ஊர் மாறிப் போனபோது, அடுத்து யார் என்று கூட்டத்தில் கேட்டார்கள், எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள், நான் ஜன்னலோரத் தொட்டியில் எறும்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பின் வரிசையிலிருந்து, "எங்க வீட்டுப் பொண்ணு இருக்கா, காலேஜ் படிச்சவ, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், அவ பார்த்துக்குவா" என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதை என்னைவிட அதிகமாக ஊருக்குச் சொன்னவர் அவர். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர் ஆயிற்றே, அவர் சொன்னால் மறுத்துப் பேச அந்தக் கூட்டத்தில் ஆள் ஏது? நானும் மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டேன் என்றும் சொல்லவில்லை. கைதட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வருடாந்திரக் கண்காட்சி எப்படி நடக்கும் என்பது உனக்குப் பாதிதான் தெரியும், நீ எப்போதும் மதியத்துக்கு மேல் பலகாரத்துக்குத்தான் வருவாய். முதல் நாள் சாயங்காலமே பள்ளிக்கூட மண்டபத்தில் நீள மேசைகள் போட்டு வெள்ளைத் தாள் விரித்து எல்லோரும் கொண்டுவந்ததை அடுக்கிவிட வேண்டும். இந்த வருடம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் பூசணிக்காயைப் பேரனின் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, வெயில் படாமல் துண்டு போர்த்திக்கொண்டு வந்தார், பேரன் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்து வந்தான். சலூன்காரர் மூன்று பச்சைமிளகாயை ஒரே நீளமாகக் காட்ட அரைமணி நேரம் காம்பைக் கத்தரித்துக்கொண்டிருந்தார், அத்தை அவரைப் பார்த்து, "போதும்ப்பா, இன்னும் கொஞ்சம் விட்டா மிளகாய்க்கு ஷேவிங்கே பண்ணிடுவ" என்றார். மறுநாள் காலையில் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே நடுவரும் செயலாளரும் மட்டும். தலைவர்கூட வரக் கூடாது, அவரும் போட்டிக்குச் செடி வைத்திருக்கிறார் அல்லவா. பெயர்ச் சீட்டெல்லாம் குப்புறக் கவிழ்த்திருக்கும். செயலாளர் அட்டைகளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு நடுவருக்குப் பின்னால் நடக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. யார் செடி என்று முகத்தில் தெரிந்துவிடும் என்பதால் முகத்தைக்கூட ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழைய செயலாளர் சொல்லிக்கொடுத்திருந்தார். வருடம் முழுவதும் செய்யும் சங்க வேலையில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு மணி நேரம்தான். நான் பேசாமல் இருப்பதைச் சரி என்று சொன்ன ஒரே இடம் அது.

அத்தையின் பிகோனியாச் செடியை நீ பார்த்ததில்லை, நீ கிளம்பிய பிறகு வந்தது. பல் டாக்டர்தானே சங்கத்தின் தலைவர், அவரிடம் பல் பிடுங்கப் போனபோது காத்திருக்கும் அறையில் பிகோனியா இலை ஒன்று உதிர்ந்து கிடந்திருக்கிறது, அதை ஈரக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பல்லைக் குடுத்துட்டு இலையை வாங்கிட்டு வந்தேன்" என்று வீக்கம் வடியாத கன்னத்தோடு சிரித்தார். அந்த இலையின் நரம்புகளை பிளேடால் கீறி, ஈர மணல் மேல் படுக்கவைத்து, கூழாங்கல் வைத்து அழுத்தி, கண்ணாடி மூடி போட்டு வைத்தார். கீறிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டியாக முளைத்தது. அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வளர்த்தார். வெள்ளியும் கருஞ்சிவப்புமாக இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஒரு இலையில்கூட ஓட்டையோ தழும்போ கிடையாது. இதுவரை அத்தை எதையும் போட்டிக்கு வைத்ததில்லை. இந்த வருடம் வைக்கிறேன் என்றார். அதை எத்தனை ஆசையாகச் சொன்னார் என்று எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் என்னிடம்தான் சொன்னார்.

முதல் நாள் சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறக்கும்போது மண்தொட்டி படியில் இடித்து இரண்டாகப் பிளந்துவிட்டது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. நான்தான், கவலைப்படாதீங்க அக்கா என்று சொல்லிவிட்டு, மண்டபத்துப் பின்னறையில் கிடந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எடுத்துவந்தேன், ஒரு நர்சரிக்காரர் சங்கத்துக்கு இனாமாகக் கொடுத்த தொட்டிகளில் ஒன்று அது. இருவருமாகச் செடியைத் தூக்கி உள்ளே வைத்து, ஓரமெல்லாம் மூட்டையிலிருந்த புது மண் போட்டு நிரப்பினோம். தொட்டியின் அடியில் நர்சரியின் சீட்டு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். கிழிக்க நினைத்தேன், அதற்குள் யாரோ குண்டூசி கேட்டுக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் நடுவர் வந்தார். வெளியூரில் விவசாயக் கல்லூரியில் பாடம் நடத்துபவர், நல்ல மனிதர், அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஒவ்வொரு செடியையும் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். அத்தையின் செடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. பிறகு விரலால் ஓரத்து மண்ணைத் தொட்டார், பொலபொலவென்று இருந்தது, தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். "அட, இது கடையில வாங்கி நேத்துக் கொண்டாந்து வெச்சது போலிருக்கே" என்றார். போட்டிக்கு வைப்பவர் மூன்று மாதத்துக்குக் குறையாமல் தானே வளர்த்த செடியாக இருக்க வேண்டும் என்பது விதி. அவர் என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானேதான் சொல்லிக்கொண்டார், ஆனாலும் சொல்லிவிட்டு உடனே எழுதவில்லை, பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். சின்னு, அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நான் தினமும் நினைக்கிறேன். தொட்டி நான் கொடுத்தது சார் என்று ஒரு வரி. யார் செடி என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. விதி குறுக்கே நின்றது என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். நாத்தனாருக்காகப் பேசினாள் என்று சொல்வார்களே என்று பயந்தது அடுத்து. இரண்டும் உண்மைதான், ஆனால் அவ்வளவுதான் என்று சொல்ல முடியவில்லை. பேசாமல் நிற்பது எனக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் அட்டையில் எழுதினார், கடையில் வாங்கியது, போட்டிக்கு ஏற்கப்படவில்லை என்று. நான்தான் அதை வாங்கிச் செடியின் முன்னால் வைத்தேன்.

கதவு திறப்பதற்குள் அத்தையைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைக் காணோம் என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை தன்னோடு வேலை பார்த்த இரண்டு நர்ஸம்மாக்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், செடியைக் காட்ட. நான் எட்டிப் பார்க்கும்போது மூன்று பேரும் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். நான் எதிரே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "அக்கா, அஞ்சு மணிக்கு முன்னாடி எடுக்கக் கூடாது" என்பதுதான். கண்காட்சி முடியும்வரை யாரும் எதையும் எடுத்துப் போகக் கூடாது என்பது சங்கத்து விதி, காலையிலிருந்து எல்லோரிடமும் அதையே சொல்லிச் சொல்லி நாக்கில் நின்றிருக்கிறது போல. உள்ளே பேச வேண்டிய இடத்தில் திறக்காத வாய், அங்கே தானாகத் திறந்தது.

அத்தை, "அப்படியா? விதின்னா விதிதான்" என்று சொல்லிவிட்டு, தொட்டியைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். ஒரு நாற்காலி கேட்டு வாங்கிச் செடிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். கூட வந்தவர்கள் கூப்பிட்டும் போகவில்லை. ஐந்து மணி வரை, அந்த அட்டைக்குப் பக்கத்தில், ஊரே வந்து பார்த்துவிட்டுப் போக, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். செருப்புக்கடைக்காரர் குசும்பாக, "நர்ஸம்மா, எந்தக் கடைன்னு சொன்னா நாங்களும் வாங்குவோம்ல" என்றார். அத்தை, "செயலாளரம்மாவைக் கேளுங்க, அவங்கதான் தொட்டியில போட்டுக் குடுத்தாங்க" என்றார். அவர் அதைப் பெரிய நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் அடுத்த மேசையில் பரிசுச் சீட்டுகளை அடுக்குவது போல அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்து அத்தையையும் செடியையும் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "பேசாம நின்னதைக்கூட விட்டுடலாம். அது உன் சுபாவம். அஞ்சு மணின்னு சொன்னே பாரு" என்றார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து அத்தை வீட்டுக்குப் போனேன். உட்காருங்க என்றார். நீ வா போ என்று இத்தனை வருடம் பேசியவர். நடுவருக்கு எழுதுகிறேன், சங்கத்து மாதமலரில் திருத்தம் போடுகிறேன் என்று சொன்னேன். அப்போதுதான் பழைய அத்தை மாதிரிப் பேசினார். "எழுதாதே. உனக்கு நல்லா எழுத வரும்னு நான்தான் ஊருக்கே சொன்னேன். வாயைத் திறந்து சொல்லு" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் சொன்னேன். எழுந்து நிற்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டேன். முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை, ஸ்டேஷன் மாஸ்டர் "கொஞ்சம் சத்தமாம்மா, கூட்ஸ் வண்டி போற மாதிரி இருக்கு இங்க" என்றார், சிரித்தார்கள். தொட்டி நான் கொடுத்தது, மண் நான் போட்டது, நடுவர் எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன், தெரிந்தும் சொல்லவில்லை, என் நாத்தனார் ஒரு இலையிலிருந்து வளர்த்த செடி அது என்று சொன்னேன். பல் டாக்டர் எழுந்து, "அட, எங்க வெயிட்டிங் ரூம் செடியோட பிள்ளையா அது! சொல்லியிருந்தா நானே சாட்சி சொல்லியிருப்பேனே" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், அத்தைக்குச் சிறப்புச் சான்றிதழ் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள், நடுவரோடு போகும் செயலாளர் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லலாம் என்று விதியையும் மாற்றினார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அத்தை கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கைதட்டும்போது பார்த்தேன், நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். "நல்லாத்தான் பேசினே" என்றார். பிறகு, "அன்னைக்கு ஒரே ஒரு ஆள்கிட்டச் சொன்னா முடிஞ்சிருக்கும். இன்னைக்கு அத்தனை பேர்கிட்டச் சொல்லியும் முடியலை பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நோயாளியின் வீட்டாரிடம் நிலவரம் சொல்வது போலச் சொன்னார். அடுத்த வருடம் வைப்பீர்களா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறது, சண்டை என்று நினைத்துவிடாதே. அப்பாவைப் பார்க்க வருகிறார். ஆனால் கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு "என்ன பண்றே" என்று கேட்டபடி நேராகச் சமையலறைக்குத்தான் வருவார். நேற்று வாசல் மணி அடித்தது. யாரோ என்னவோ என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன், அத்தை நின்றுகொண்டிருந்தார்.

நீ அவருக்குப் போன் செய், சின்னு. இதைப் பற்றிக் கேட்க வேண்டாம், எனக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம். உன் வேலை, உன் அறை, அங்கே ஜன்னலில் என்ன செடி வைத்திருக்கிறாய், இதையெல்லாம் சொல்லு, வைக்காவிட்டால் எதை வைக்கலாம் என்று அவரிடமே கேள். தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, இருமல் நிற்காவிட்டால் டாக்டரைப் பார். உன் அலுவலகத்தில் நீ செய்ததை வேறு ஒருத்தி தன் வேலை என்று காட்டியபோது பேசாமல் இருந்துவிட்டேன் என்று முன்பு சொன்னாய், நானும் நல்லதுதான், நீ அடக்கமான பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பேச்சை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நீ தொட்டதெல்லாம் தழைக்கட்டும், நீ வாய் திறந்தால் பக்கத்தில் நிற்பவருக்காவது கேட்கட்டும். மணி அடிக்கிறது, அத்தையாகத்தான் இருக்கும், போய்த் திறக்க வேண்டும்.

உன்மேல் உயிராக இருக்கும்,
அம்மா