ஜெபசீலி பேர் வந்த சீட்டு

டிசம்பர் 17, புதன்

முதல் ஷிப்ட். பாகலூர் ரோட்டில் ஒரே பனி, கம்பெனி பஸ் லேட். சாயங்காலம் பாஸ்டரம்மா போன் செய்தார்கள். "கெசியா, இருபத்தெட்டாம் தேதி பெண்கள் கூட்டம். சீட்டுல வந்த பேரை அன்னிக்குச் சொல்லணும், ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குங்கம்மா" என்றேன். இருக்கிறது. அதுதானே கஷ்டம்.

டிசம்பர் 18

எழுதியே விடுகிறேன். ஜனவரியில் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் ஒவ்வொருத்தியும் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுப்போம். அதில் யார் பேர் இருக்கிறதோ அவளுக்காக வருஷம் முழுக்க, தினமும், யாருக்கும் சொல்லாமல் ஜெபிக்க வேண்டும். வருஷக் கடைசி ஸ்தோத்திரக் கூட்டத்தில்தான் எழுந்து, "உனக்காக ஜெபிச்சது நான்தான்" என்று சொல்வோம். சொன்னவளும் கேட்டவளும் கட்டிப் பிடித்து அழுவார்கள். அப்புறம் டீ.

எனக்கு வந்தது ஜெபசீலி. அதற்கு முந்தின வாரம்தான் எல்லார் எதிரிலும், "கெசியாக்காவுக்கு ஷிப்ட் முதல்ல, சபை ரெண்டாவது" என்று சிரித்திருந்தாள். சீட்டை மடித்து பைபிளில் லேவியராகமத்தில் சொருகினேன். அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை.

ஒரு நாள்கூட ஜெபிக்கவில்லை.

டிசம்பர் 20

மறந்துவிட்டேன் என்றால் பொய். வீம்பு. ஜூனில் அவள் வீட்டுக்காரர் யேசுராஜின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியதே, அப்போதாவது? முட்டி போட்டேன். அஞ்சு மாசம் சும்மா இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு என்று எழுந்துவிட்டேன். அவள் மேல் இருந்த கோபம் போய், என் மேல் வெட்கம் வந்து, அதுவும் ஜெபிக்க விடவில்லை. பைத்தியக்காரி.

டிசம்பர் 22

என் வீட்டுக்காரர் எட்சனிடம் சொன்னேன். "பேசாம ஜெபிச்சேன்னு சொல்லிட்டு வா. யாரு வந்து பார்த்தா?" என்றார். கோயிலுக்குப் போகிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? ஆனால் எனக்கும் அதே யோசனைதான் இருந்தது.

டிசம்பர் 25

ஆராதனை முடிந்து ஜெபசீலி கேக் கொடுத்தாள். யேசுராஜ் அண்ணனுக்குக் கையில் இன்னும் கட்டு. புதுச் சட்டையின் ஒரு பக்கத்தைப் பிரித்து, கட்டு நுழைகிற மாதிரித் தைத்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியில எனக்கே ஜெபிக்க வாய் வரலைக்கா. ஆனா யாரோ ஒருத்தி என் பேரைச் சொல்லிட்டு இருப்பான்னு நினைச்சுப்பேன். அதுலதான் தூங்குவேன். யாருன்னு தெரிஞ்சா கால்லயே விழுந்துடுவேன்."

மிச்சக் கேக்கைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 27

லேவியராகமம். சீட்டு அங்கேயே இருக்கிறது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

சாந்தம்மா அத்தை முதலில் எழுந்தார். "எனக்கு வந்தது கெசியா. காலையில அஞ்சே காலுக்கு அவ பஸ்ஸு எங்க வீட்டைத் தாண்டும். சத்தம் கேட்டதும் ஜெபிப்பேன். லீவு நாள்லயும் முழிப்பு வந்துடுது." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அடுத்தது நான்.

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "எனக்கு வந்தது ஜெபசீலி" என்றேன். அவள் உடனே எழுந்து, கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"உக்காரும்மா. நான் ஜெபிக்கல. ஒரு நாள்கூட. உன் மேல கோவம்."

நீட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அப்ப அந்த நாளெல்லாம் யாருமே இல்லையாக்கா?" என்று கேட்டாள். பாஸ்டரம்மா அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார்கள்.

டிசம்பர் 29

யாருமே இல்லையாக்கா.

டிசம்பர் 31

வருஷத்துக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தேன். வேலை, எட்சன், சாந்தம்மா அத்தையின் அஞ்சே கால். இத்தனை எனக்கு. சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது, பாதியில் எழுந்து ஜெபசீலி வீட்டுக்குப் போனேன். யேசுராஜ் அண்ணன்தான் கதவைத் திறந்தார். "அவ தூங்கறாம்மா" என்றார். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

ஜனவரி 4, ஞாயிறு

புது வருஷத்துச் சீட்டு. ஜெபசீலி வந்தாள், ஆனால் தன் பேரை எழுதிப் போடவில்லை. "இந்த வருஷம் எனக்கு வேணாங்கம்மா" என்றாள். பாஸ்டரம்மா வற்புறுத்தவில்லை. எனக்கு வந்தது மாதேஸ்வரி. அன்றைக்கே ஜெபித்தேன்.

ஜனவரி 7, புதன்

விடியுமுன்னே பஸ் ஸ்டாப்பில் ஜெபசீலியும் அண்ணனும் நின்றிருந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அவளே பக்கத்தில் வந்தாள். ரோட்டைப் பார்த்தபடியே, "இன்னிக்கு மூணாவது ஆபரேஷன். ஒம்பது மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்க" என்றாள். பெங்களூர் பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு லைனை நிறுத்த முடியாது. கை அது பாட்டுக்கு வாஷரை எடுத்து வைத்தது. வாய் மட்டும் ஜெபசீலி, யேசுராஜ், வலது கை என்று சொல்லிக்கொண்டிருந்தது. "என்னக்கா, தனியாப் பேசறீங்க?" என்றான் பக்கத்து மெஷின் மணிவேல். டீ பெல் அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை.

ஆபரேஷன் எப்படி ஆனது என்று இன்னும் தெரியவில்லை. டப்பாவில் போடாத பேரை அவளே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.