பத்து ஒன்பதைவிடப் பெரியது

விஜயநகர், மைசூரு

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதேஷ் வணக்கத்துடன் எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஆபீசில் எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. எங்கள் மென்பொருளில் பிறர் எழுதிய பாகங்கள் நிறைய உண்டு. அவற்றுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று ஒரு புரோகிராம் தினமும் பார்க்கும். அது 10 என்ற எண்ணில் முதலில் நிற்கும் 1-ஐ மட்டும் பார்த்து, பத்தாம் பதிப்பு ஒன்பதாம் பதிப்பைவிடப் பழையது என்று ஒதுக்கிவந்தது. அப்படித் தவறவிட்டதையெல்லாம், ஆபீசில் தினமும் என் டிபனைப் பகிர்ந்து சாப்பிடும் மோலி அக்காதான் நான்கு வருடமாகக் கண்ணால் தேடிப் பிடித்தார். நான் அதைச் சரிசெய்தேன். ஒரு மாதமாக ஒன்றுகூடத் தப்பவில்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். அன்று மாலையே மோலி அக்காவை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்.

“இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுக்கா,” என்றேன்.

“தப்பு எங்கேன்னு உனக்குக் காட்டினதே நான்தானே, மாதேஷ்,” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம், என் வேலைக்கு ஆபத்தில்லை. ராமாபுரத்திலிருந்து யாராவது வந்தால் சின்ன டிபன் பாக்ஸ் ஒன்று கொடுத்தனுப்புங்கள். இப்போதிருப்பது இரண்டு பேருக்கானது.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. போன தடவை மைசூருக்கு வந்தபோது அம்மா மோலி அக்கா வீட்டில்தான் தங்கினாள். அவரைப் பற்றி அம்மா கேட்டால், நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்
மாதேஷ்