செத்த நேரம்

9-11-2002, சனி இரவு.

பக்கத்து வீட்டு சேவியர்தான் சாயங்காலக் காட்சிக்கு இழுத்துப் போனான். "ஏலே, நீ உருகி உருகிப் படிச்ச நாவலைப் படமா எடுத்திருக்காய்ங்க, வா." போயிருக்கக் கூடாது.

நாவலில் வரும் மூத்தவள், வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் தம்பியிடம், "செத்த நேரத்துல வந்துர்றேன் அப்பு" என்பாள். எங்கள் அக்காவும் அப்படித்தான் சொல்வாள். சிறுமலைக்குப் பஸ் ஏறிய அன்றும் அதையே சொன்னாள். பிணமாகத்தான் மலையிலிருந்து இறக்கினார்கள்.

அதன் பிறகு அந்த நாவலை எத்தனை முறை படித்தேனோ. அந்த வரி வந்தால் அக்கா பேசுவாள். அவள் முகத்துக்கு போட்டோ இருக்கிறது, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே. குரலுக்கு அந்த வரி மட்டும்தான்.

இன்று திரையில் நடிகை அதைச் சொன்னாள். யாரோ கொடுத்த இரவல் குரல். 'செத்த' என்று நிறுத்தி, பிறகுதான் 'நேரத்துல' வந்தது. பின் வரிசையில் ஒருவன் கத்தினான்: "செத்த பெறகு எங்கிட்டு வாரது?" தியேட்டரே சிரித்தது. சேவியரும் சிரித்தான்.

வந்ததும் புத்தகத்தைத் திறந்தேன். நடிகைதான் பேசினாள். மறுபடி படித்தேன். அவளேதான், பின்னாலேயே அந்தச் சிரிப்பும். புத்தகம் குரலை என்னிடமே விட்டுவைத்திருந்தது. படம் அதற்கும் ஆள் போட்டுவிட்டது.

படுத்திருந்த அம்மாவிடம் கேட்டேன், "அக்கா எப்படிம்மா பேசுவா?"

"எப்படின்னா? நம்மள மாதிரித்தான். லைட்ட அமத்திட்டுப் படு அப்பு."

கூர்ந்து கேட்டேன். அம்மாவின் குரல் மட்டும்தான் இருந்தது.