எலுமிச்சம்பழக் கொக்கி

ஐப்பசி 9, வியாழன்

தினைக்கு உமி நீக்கும் என் மெஷினைப் பட்டறையில் போட்டோ எடுத்து, என் வீட்டிலேயே சாப்பிட்டும் போன ஜெர்மனிக்காரன், அதையே செய்து ஐரோப்பா முழுக்க விற்கிறான். அங்கேயும் காப்புரிமை என்னுடையதுதான். பென்னாகரத்திலிருந்து எவன் வந்து கேட்கப்போகிறான் என்ற திமிர்.

இன்று வக்கீல் போன் செய்தார். "நாடு நாடா கேஸ் போட வேண்டாங்க. பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே கோர்ட் இருக்குதுங்க. ஜெயிச்சா அத்தனை நாட்டுலயும் அவன் விக்க முடியாது. நம்ம காப்புரிமையே செல்லாதுன்னு அவன் வாதாடி ஜெயிச்சா, அதுவும் அத்தனை நாட்டுலயும் போயிருமுங்க."

தயங்கினேன். அவன் மெஷின் படத்தை மனைவி போனில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"நாம எலுமிச்சம்பழம் கட்டுற கொக்கியக்கூட வெச்சிருக்கான் பாருங்க."

திருஷ்டிக்காக நான் வெல்டிங் வைத்த கொக்கி.

வழக்குப் போடச் சொல்லிவிட்டேன். அந்தக் கொக்கி எதற்கு என்று நீதிபதி கேட்கும்போது அவன் முழிப்பதை நேரில் பார்க்க வேண்டும். நாளைக்கே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட வேண்டும்.