எங்களுக்கும் சோதினை வையுங்கோ

ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

இன்று கல்லூரியில் கூட்டம் நடந்தது. தர அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதற்குப் படிப்பில் எதையெல்லாம் திருத்தலாம் என்று கதைத்தார்கள். அங்கே பின்னேரம் நடக்கும் முதியோர் எழுத்து வகுப்பிலிருந்து என்னையும் பாக்கியத்தையும் கூப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் வகுப்பை நிறுத்திவிடலாம் என்றார் ஒரு விரிவுரையாளர். தரம் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு எங்களிடம் பெறுபேறு எதுவும் இல்லையாம். யோசிக்காமல் எழும்பிவிட்டேன்.

"அப்ப எங்களுக்கும் சோதினை வையுங்கோ."

அதிபர் அம்மா சிரித்தார். "பயமில்லையோ ஐயா?"

"இந்த வயதிலை பெயில் விட்டால் ஆர் அம்மா என்னை அடிக்கப் போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம் மட்டும் என் சால்வையைப் பிடித்து இழுத்தாள். "உங்களுக்கென்ன விசரோ அண்ணை? சோதினை எண்டாலே எனக்கு எழுத்தெல்லாம் மறந்துபோகும்."

வகுப்பு தொடர்ந்து நடக்கும், மார்கழியில் சோதனை என்று முடிவாயிற்று. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பாக்கியமோ புத்தூர் பஸ்ஸில் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் மற்றவர்களும் ஏசுவார்களோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். "சோதினையிலை உங்களுக்குப் பக்கத்திலைதான் நான் இருப்பன். கையாலை மறைக்காமல் எழுதுங்கோ, சொல்லிப்போட்டன்."

அது களவுதான். ஆனாலும் என்னைப் பார்த்து எழுத ஒரு ஆள் இருக்கிறது என்று நினைக்க நித்திரை வரவில்லை.